பத்து வருடப் படங்களின் மனநிலையைப் படிப்பது எப்படி: 1972 முதல் 1982 வரை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு

எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் அப்பா பாட்டுப் புத்தகம் விற்றார். நாலு பக்கம், எட்டுப் பக்கம் மட்டமான தாளில் பாட்டு வரிகள். முன்னால் அரைப் பக்கத்துக்குக் கதைச் சுருக்கம். அது பாதியில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். அந்தப் புத்தகங்களில் நூற்றுச் சொச்சம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. போன வருடம் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அதைக் கிளறிவிட்டு, "அப்பத்தா, அப்போ ஜனங்க என்ன மனசுல இருந்தாங்கன்னு இந்தப் படங்களப் பார்த்தா தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும். ஆனால் பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அதில் எங்களுக்குக் கைகொடுத்த வழியை இங்கே எழுதுகிறேன். வேறு பத்து வருடத்தை எடுத்துக்கொண்டாலும் இதே வழி செல்லும்.

முதலில், எந்தப் பத்து வருடம் என்று முடிவு செய்யுங்கள். எழுபதுகள், எண்பதுகள் என்று நாட்காட்டிக் கணக்கில் வெட்ட வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் ஊரே திரண்டு பார்த்த ஒரு படம் நிற்கிற மாதிரி வெட்டுங்கள். எங்களுக்கு ஒரு முனை 1972-இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா', மறுமுனை 1982-இல் வந்த 'சகலகலா வல்லவன்'. இரண்டிலும் நாயகன் கிராமத்தான். இரண்டிலும் திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். கதை இவ்வளவு நெருக்கமாக இருந்தால்தான் இடையில் என்ன மாறியது என்பது கண்ணில் படும்.

அடுத்து படங்களைப் பொறுக்குவது. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். இன்று நாம் உயர்ந்தது என்று கொண்டாடும் படங்களை மட்டும் எடுத்தால் அந்தக் காலத்து மனநிலை கிடைக்காது, நம்முடைய ரசனைதான் திரும்பக் கிடைக்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் எதற்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதுதான் கேள்வி. நாங்கள் எடுத்தவை: 'பட்டிக்காடா பட்டணமா', 1973-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்', 1974-இல் 'தங்கப்பதக்கம்', 'அவள் ஒரு தொடர்கதை', 1976-இல் 'அன்னக்கிளி', 1977-இல் '16 வயதினிலே', 'புவனா ஒரு கேள்விக்குறி', 1978-இல் 'முள்ளும் மலரும்', 1979-இல் 'உதிரிப்பூக்கள்', 'திரிசூலம்', 1981-இல் 'சட்டம் ஒரு இருட்டறை', 1982-இல் 'சகலகலா வல்லவன்'. பன்னிரண்டு போதும். அதற்கு மேல் போனால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது. எல்லா வருடத்துக்கும் ஒன்று வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நாயகன் அல்லது நாயகி என்ன வேலை செய்கிறார். இரண்டாவதில், கடைசியில் யார் வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறார். மூன்றாவதில், யாரும் பேசாமல் படம் எவ்வளவு நேரம் ஓடுகிறது. நாலாவதை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

வேலைக் கட்டம் சீக்கிரம் நிரம்பும். ஊர்ப் பெரிய மனிதர், விஞ்ஞானி, போலீஸ் சூப்பிரண்டு என்று ஆரம்பித்து, ஆபீசுக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண், ஊரில் எடுபிடி வேலை செய்யும் சப்பாணி, மலையில் விஞ்ச் என்ற இழுவை வண்டியை ஓட்டும் காளி என்று பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

நேரத்தைச் செலவிட வேண்டியது இரண்டாவது கட்டத்தில். ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி, ஓடுவது ஏறக்குறைய பதினொரு நிமிடம். படம் முழுக்க ஒருமுறை பார்த்த பிறகு அந்தக் கடைசி ரீல் அளவுக்குப் பின்னால் தள்ளி, அதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அழுகையையோ சிரிப்பையோ எண்ண வேண்டாம். எந்தப் படத்திலும் இரண்டும் இருக்கும். ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கெட்டுப்போனதைச் சரிசெய்ய இந்தப் படம் யாரை நம்புகிறது?

'தங்கப்பதக்கம்' படத்தில் பதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. எஸ்.பி. சௌத்ரி கடமைக்காகப் பெற்ற மகனையே சுட்டுவிடுகிறார். அரசாங்கம் அவருக்குப் பதக்கம் தருகிறது. அந்த மனிதரின் வீடு அழிந்துபோகிறது. ஆனால் சட்டத்தின் மீது படத்துக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. மூன்றே வருடம் தள்ளி '16 வயதினிலே' வருகிறது. அங்கே நாயகி மயிலைப் பரட்டை என்ற ரவுடியிடமிருந்து காப்பாற்ற யாரும் இல்லை. ஊரே இளக்காரமாக நடத்துகிற சப்பாணிதான் கடைசியில் கல்லை எடுக்கிறான். பரட்டை செத்துப்போகிறான், சப்பாணி ஜெயிலுக்குப் போகிறான், மயில் ரயில் நிலையத்தில் காத்துக்கொண்டிருக்கிறாள். வருவானா என்பதைப் படம் சொல்லவில்லை. தப்பு தண்டிக்கப்பட்டது, ஆனால் எதுவும் சரியாகவில்லை. அந்த ரயிலடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பேத்தி நோட்டின் இரண்டாவது கட்டத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதினாள். பன்னிரண்டு படத்தில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.

'உதிரிப்பூக்கள்' இன்னும் ஒரு படி போகிறது. மனைவியை வதைத்து, ஊரையே புழுங்கவைத்த சுந்தரவடிவேலுவை ஊர்க்காரர்கள் ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். தண்ணீரில் இறங்கும் முன்னால் அவன் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். இதுவரை செய்ததிலேயே பெரிய தப்பு, உங்கள் எல்லோரையும் என்னைப் போல ஆக்கியதுதான் என்கிறான். வில்லன் சாகிறான், ஆனால் கை தட்ட முடியவில்லை. அப்புறம் அந்தக் குழந்தைகள் ஆற்றங்கரையில் தனியாக நடந்து போகிறார்கள். இந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 'வணக்கம்' சிலைடு போட்ட பிறகும் பெண்கள் பக்கத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்பா வழக்கமாக வாசலில் நின்று மறுநாள் படத்தின் புத்தகத்தைக் கூவி விற்பார். அன்று கூவவில்லை.

இனி 1981-க்குத் தாவுங்கள். 'சட்டம் ஒரு இருட்டறை' படத்தில் நாயகனுக்குச் சட்டத்தில் நம்பிக்கை போய்விட்டது. தன் குடும்பத்தை அழித்துவிட்டுச் சட்டத்திடமிருந்து தப்பியவர்களை, அதே சட்டம் தன்னைப் பிடிக்க முடியாதபடி அவனே ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். அவனைத் தடுக்கப் பார்க்கும் போலீஸ் அதிகாரி அவனுடைய அக்காவே. 1974-இல் காக்கிச் சட்டைக்காக மகனைப் பலிகொடுத்த திரை, ஏழு வருடத்தில் காக்கிச் சட்டையைத் தாண்டிப் போகிறவனுக்குக் கை தட்டுகிறது. ஆனால் சப்பாணியின் கல்லுக்கும் இவனுடைய பழிவாங்கலுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். சப்பாணி அதற்கு விலை கொடுத்தான். இவன் கொடுக்கவில்லை. தனி ஆள் திரும்ப வந்துவிட்டான். இந்த முறை அவன் நம்புவது தன்னை மட்டும்தான். எனக்கு இந்தப் பத்து வருடத்தின் கதையே இதுதான்: சட்டத்தை நம்பினார்கள், பிறகு யாரையும் நம்பாமல் கொஞ்ச காலம் நின்றார்கள், பிறகு ஒற்றை ஆளை நம்பத் தொடங்கினார்கள். நடுவில் நின்ற அந்தக் கொஞ்ச காலத்தில்தான் நம்முடைய மிக அழகான படங்கள் பிறந்தன என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதையே இன்னொரு விதமாகச் சோதிக்க, ஒரே உறவை வேறு வேறு காலத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் தங்கை என்றால் நமக்கு அளவுகோல் 1961-இல் வந்த 'பாசமலர்'. அதில் இரண்டு பேரும் சேர்ந்தே சாகிறார்கள். பாசத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி அந்தக் காலத்துக்கு வேண்டியிருக்கவில்லை. இப்போது 'முள்ளும் மலரும்' கடைசிக் காட்சிக்கு வாருங்கள். அண்ணனை மீறிக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட வள்ளி, அவனைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். என்னைத்தான் பெரிதாக நினைக்கிறாள் என்பது காளிக்குப் போதுமாக இருக்கிறது. அவனே சம்மதம் சொல்லி அனுப்பிவைக்கிறான். ஆனால் அவள் கட்டிக்கொள்ளப் போகும் என்ஜினியரிடம், உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வரியை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். யாரும் திருந்தவில்லை, யாரும் சாகவும் இல்லை. பிடிக்காததோடு சேர்ந்து வாழ்வது என்கிற ஒன்று நம் திரைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது கட்டம், பேச்சு. எங்கள் காலத்தில் ரேடியோவில் 'ஒலிச்சித்திரம்' போடுவார்கள். ஒரு படத்தின் ஒலியைச் சுருக்கி ஒரு மணி நேரத்துக்கு ஒலிபரப்புவார்கள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே அம்மா முழுப் படத்தையும் 'பார்த்துவிடுவாள்'. அதுவே ஒரு நல்ல சோதனை. ஒவ்வொரு படத்திலும் முக்கியமான ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு அதே ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். 'தங்கப்பதக்கம்' கேட்டாலே விளங்கும், சத்தத்தை அணைத்தால் பாதி போய்விடும். 'உதிரிப்பூக்கள்' நேர்மாறு. கண்ணை மூடினால் காற்றும் இளையராஜாவும்தான் மிஞ்சுகிறார்கள். சத்தத்தை அணைத்தால் அசோக்குமாரின் கேமரா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கைபேசியில் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறதல்லவா, பேச்சில்லாத நேரத்தை அதில் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். துல்லியம் தேவையில்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் சரி.

பேச்சு குறைந்ததற்கு மனநிலை மட்டும் காரணம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை பெரும்பாலும் ஸ்டுடியோ தளத்துக்குள் செட் போட்டு எடுத்தார்கள். மேடை நாடகத்திலிருந்து வந்த கதைகளும் அதிகம். '16 வயதினிலே' கிளம்பி நேராக வயலுக்கும் ஆற்றுக்கும் போனது. தெருவில் நிற்கும் மனிதன் மேடையில் நிற்பவனைப் போலப் பேச முடியாது. ஒரு வருடம் முன்பே 'அன்னக்கிளி'யில் ஜானகியின் குரலும் நாட்டுப்புற மெட்டும் காதைத் தயார் செய்துவிட்டன. இளையராஜாவுக்கு அது முதல் படம். இசை முந்திக்கொண்டு வந்தது, காட்சி பின்னால் வந்தது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: ஒரே ஆளைப் பத்து வருடம் பின்தொடர்வது. 'தங்கப்பதக்கம்' கதை வசனம் யார் தெரியுமா? மகேந்திரன். ஆமாம், 'உதிரிப்பூக்கள்' இயக்கிய அதே மகேந்திரன்தான். அனல் பறக்கும் வசனம் எழுதிய கை, ஐந்தே வருடத்தில் வசனத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டது. எதிர்த் திசையில் போனவர் எஸ்.பி. முத்துராமன். 1977-இல் அவர் எடுத்த 'புவனா ஒரு கேள்விக்குறி' சோகம் கவிந்த படம். தாலி கட்டாதவனுக்காக ஒருத்தி விதவைக் கோலம் பூண்டு முடிகிற கதை. ஐந்து வருடம் கழித்து அவரே எடுத்ததுதான் 'சகலகலா வல்லவன்'. இரண்டுக்கும் திரைக்கதை வசனம் எழுதியவர் பஞ்சு அருணாசலம். இப்படி ஒரே கைகளிலிருந்து வேறு வேறு படங்கள் வரும்போது, மாறியது அவர்கள் மட்டும் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர்களும்தான் என்று துணிந்து சொல்லலாம்.

சில இடங்களில் ஏமாந்துவிடாதீர்கள். ரிலீஸ் ஆன வருடத்தை அப்படியே நம்ப வேண்டாம். 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே மாதம்தான் வந்தது, ஆனால் அதில் நாம் பார்க்கும் ஜப்பான் பொருட்காட்சி 1970-இல் நடந்தது. அந்தப் படத்தின் உற்சாகத்தில் பாதி, மூன்று வருடம் பழையது. இடையில் 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சியே தொடங்கிவிட்டார். அதனால் கொட்டகையில் விழுந்த விசிலில் எது படத்துக்கு, எது கட்சிக்கு என்று பிரிப்பது கஷ்டம். 1977-இல் அவர் முதலமைச்சரானார், 1978 பொங்கலோடு அவருடைய புதுப் படங்கள் நின்றுபோயின. அவ்வளவு பெரிய ஒரு நாற்காலி காலியானது புதியவர்களுக்கு இடம் விட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடிவுக் காட்சியை வைத்து எடை போடும்போது தணிக்கையையும் மறக்காதீர்கள். 1975 ஜூனிலிருந்து 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. அப்போது இந்தியில் வந்த 'ஷோலே' படத்தில் தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பரைக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். தணிக்கைக்குப் பிறகு போலீஸ் வந்து தடுப்பதாக மாறியது. அந்த முடிவை ஜனங்களின் மனநிலை என்று எழுதினால் தப்பாகிவிடும்.

கறுப்பு வெள்ளை என்றால் பழசு, கலர் என்றால் புதுசு என்றும் எழுதாதீர்கள். 1973-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' கலர். 1978-இல் வந்த 'அவள் அப்படித்தான்' கறுப்பு வெள்ளை. பெரும்பாலும் அது கையிலிருந்த பணத்தைப் பொறுத்த விஷயம்.

கணக்கில் இடிக்கிற படத்தைத் தூக்கி எறியாதீர்கள். 'உதிரிப்பூக்கள்' வந்த அதே 1979-இல்தான் சிவாஜியின் 200-ஆவது படம் 'திரிசூலம்' வந்தது. மூன்று வேடம், பக்கம் பக்கமாக வசனம், பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்கிறது. கூட்டம் அலைமோதியது. என் அத்தை அதை ஐந்து தடவை பார்த்தாள். 'உதிரிப்பூக்கள்' பார்த்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒரே மனசுக்குள் இரண்டும் இருந்தன. நோட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள், சமாதானம் செய்து வைக்க முயலாதீர்கள்.

முடிந்தால் அந்தக் காலத்தில் அதைப் பார்த்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்பார்கள். "யாரோடு போனீர்கள், எந்த இடத்தில் கை தட்டினார்கள், திரும்பி வரும்போது என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். 'அவள் ஒரு தொடர்கதை' பற்றி இப்படிக் கேட்டபோது என் பக்கத்து வீட்டு அம்மா, படம் விட்டு வருகையில் பெண்கள் யாருமே பேசவில்லை, அவரவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம் என்றார். நாயகி தனக்கு அமைந்த மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகிற படம் அது. அவரும் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது படத்தை முடித்தவுடனே முதல் படத்தை மறுபடி போடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். நாங்கள் 'சகலகலா வல்லவன்' முடிந்து, காபி குடித்துவிட்டு, திரும்ப 'பட்டிக்காடா பட்டணமா' போட்டோம். 1972-இல் ஊருக்கென்று ஒரு பெருமை, மண்ணுக்கென்று ஒரு மரியாதை, நாயகன் பின்னால் ஊரே நிற்கிறது. 1982-இல் நாயகன் வேடம் போட்டு, ஆடிப் பாடி, தனியாகவே ஜெயிக்கிறான். அவனுக்கு ஊர் தேவைப்படவில்லை. நான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேத்தி காலியாகக் கிடந்த நாலாவது கட்டத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அதன் தலைப்பில் 'மாறாதது' என்று எழுதினாள். முதல் படத்துக்கு நேராக 'படித்த பெண்ணை அடக்குகிறார்கள், கை தட்டுகிறார்கள்' என்று எழுதி, பன்னிரண்டாவதற்கு நேராக அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு 'மேற்படி' என்றாள். நான் இரண்டு படத்தையும் அந்தக் காலத்திலேயே பார்த்தவள். இரண்டுக்கும் கை தட்டியவள். நாலாவது கட்டத்துக்காக மிச்சப் பத்துப் படத்தையும் இப்போது திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.